51 வயதில் முதல் நாவல்: சாமுவேல் ரிச்சர்ட்சனுக்கு அது எப்படி வந்தது?

செம்பனைக்காட்டு அம்மா:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். மகள் ஆறாம் படிவத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள், அவளோடு சேர்ந்து நானும் ரிச்சர்ட்சனைப் பற்றிப் படித்து வருகிறேன். லண்டனில் அச்சகம் நடத்தியவர், 51 வயதில் 1740-இல் பமீலா என்ற வேலைக்காரப் பெண்ணின் கதையாக 'பமீலா' நாவலை வெளியிட்டுப் பேர் வாங்கினார் என்று இருக்கிறது. அப்படி ஒரு பெண்ணின் மனசு அவருக்கு எப்படித் தெரிந்தது?

கிராணி மகன்:
அக்கா, அது சின்ன வயதிலேயே தொடங்கியது. அவர் தச்சர் மகன், 1689-இல் இங்கிலாந்தின் டெர்பிஷரில் பிறந்தவர், பெரிய படிப்பில்லை. 13 வயதுப் பையனாக இருந்தபோதே அக்கம்பக்கத்துப் பெண்கள் காதலருக்குப் பதில் எழுத இவரைத்தான் கூப்பிட்டார்கள், ஒருத்தியின் ரகசியம் இன்னொருத்திக்குப் போகாது. இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தார். சம்பளம் போட்ட அன்று ராத்திரி லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் ஊருக்குக் கடிதம் எழுத வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், சொல்லிக்கொண்டு வரும்போதே சிலர் அழுதுவிடுவார்கள், அப்பா பேனாவை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு "நான் நல்லா இருக்கேன்னு போடுங்க ஐயா" என்பார்கள். சொல்லாமல் விட்டதும் எழுதுகிறவருக்குத் தெரியும். ரிச்சர்ட்சனும் அப்படித்தான் பழகியிருப்பார் என்று நம்புகிறேன்.

ஓய்வு ஆசிரியை, தைப்பிங்:
தம்பி சொல்வது சரி. இரண்டு புத்தக வியாபாரிகள் நாட்டுப்புறத்து ஆட்களுக்கு மாதிரிக் கடிதப் புத்தகம் ஒன்று கேட்டார்கள். வேலைக்குப் போன வீட்டில் முதலாளி தொல்லை கொடுத்தால் மகளுக்கு அப்பா என்ன எழுதுவார் என்று யோசித்த இடத்தில்தான் 'பமீலா' பிறந்தது. 1739 நவம்பர் 10-இல் தொடங்கி ஜனவரி 10-க்குள் முடித்துவிட்டார், அச்சக வேலையையும் பார்த்துக்கொண்டு. ஆனால் தொல்லை கொடுத்தவனையே பமீலா கல்யாணம் செய்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹென்றி ஃபீல்டிங் என்ற எழுத்தாளர் அடுத்த வருடமே 'ஷமேலா' எழுதிக் கேலி செய்தார். 1747-48-இல் ஏழு பாகமாக வந்த 'கிளாரிஸா' நாவலில் வரும் பெண் தொல்லை கொடுப்பவனுக்குக் கடைசிவரை இணங்கவில்லை, செத்தும் போகிறாள், அதுதான் அவருடைய பெரிய நாவல். மகளிடம் அதைக் கொடுங்கள், பொறுமை வேண்டும்.

செம்பனைக்காட்டு அம்மா:
நன்றி டீச்சர், தேடிப் பார்க்கிறேன். தம்பி, அப்பா எழுதின கடிதம் ஏதாவது கையில் இருக்கிறதா?

கிராணி மகன்:
ஒன்றுகூட இல்லை அக்கா, எல்லாம் தபாலில் ஊருக்குப் போய்விட்டது. யார் வீட்டிலாவது இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், அப்பா கையெழுத்தை நான் கண்டுபிடித்துவிடுவேன்.