கனடா ஹோட்டல் வேலைக்கு ஸ்பொன்சர் என்று 18 லட்சம் கேட்கிறார்கள், கட்டலாமா?

தோசைக்கல்29, வெள்ளவத்தை
2025 ஒக்டோபர் 14

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு சைவக் கடையில் வேலை செய்கிறேன். வயது 29, ஊர் ஹட்டன் பக்கம். 2018இல் பாத்திரம் கழுவத்தான் வந்தேன். பிறகு மாவாட்ட விட்டார்கள், வடை போட விட்டார்கள். இப்போது நான்கு வருடமாகத் தோசைக்கல் என் கையில்தான். விடிய 5 மணிக்குக் கல் சூடேறினால் 11 மணி வரை உட்கார முடியாது. பின்னேரம் கொத்து. சம்பளம் 75,000, சாப்பாடும் தங்குமிடமும் கடையில். 45,000 வீட்டுக்கு அனுப்புகிறேன். அப்பாவால் இனித் தோட்டத்து வேலை முடியாது, தங்கச்சி ஏ லெவல் படிக்கிறாள்.

கடைக்குத் தினமும் தேநீர் குடிக்க வருகிற ஒருவர் மருதானையில் ஒரு ஒபீசுக்குக் கூட்டிப் போனார். கனடாவில் ஸ்காபரோவில் ரெஸ்டோரன்ட், கிச்சன் ஹெல்பர் வேலை, மணிக்கு 16 டொலர், எல்எம்ஐஏ என்கிற அனுமதி தயாராக இருக்கிறது என்றார்கள். வட்ஸ்அப்பில் ஒரு கடிதமும் அனுப்பினார்கள், மேலே கனடா இலை அடித்திருக்கிறது. மொத்தம் 18 லட்சம். தீபாவளிக்கு முன் 4 லட்சம் கட்டினால் பெயரைப் பிடித்து வைப்பார்களாம், மிச்சம் விசா வந்த பிறகு. முதலில் விசிட் விசாவில் போய், அங்கே வைத்து வேர்க் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

அம்மா சங்கிலியையும் தோட்டையும் அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார். அந்தத் தோடு பாட்டியுடையது. அதனால்தான் கேட்கிறேன். இப்படி ஸ்பொன்சர் கொடுப்பது உண்மையிலேயே நடக்கிற காரியமா? ஹோட்டல் வேலைக்கு வெளிநாடு போனவர்கள் முதலாளியை எப்படித் தேடிப் பிடித்தீர்கள்? லண்டனில் இருக்கும் கூட்டாளி அங்கேயும் செஃப் விசா இருக்கிறது என்கிறான்.

எனக்கு வேலை தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரத்தில் நூறு தோசைக்கு மேல் ஊற்றியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. ஓ லெவலில் கணக்கு பெயில். ஆங்கிலம் ஓர்டர் எடுக்கிற அளவுக்குத்தான்.

கணக்குப்பிள்ளை, ஸ்காபரோ
ஒக்டோபர் 14

தம்பி, அந்த 4 லட்சத்தைக் கட்ட வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். இங்கே இரண்டு தமிழ் ரெஸ்டோரன்ட்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் ஒரு முதலாளி 2023இல் குக் எடுக்க எல்எம்ஐஏ போட்டார், அந்தத் தாள்களை நான்தான் நிரப்பினேன். எல்எம்ஐஏ தொழிலாளிக்கு விற்கிற பொருள் இல்லை. இந்த வேலைக்குக் கனடாவில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி முதலாளி அரசாங்கத்திடம் வாங்குகிற அனுமதி அது. ஓர் ஆளுக்கு 1,000 டொலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், உங்களிடம் திரும்ப வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆள் சேர்க்கிற செலவும் அப்படித்தான்.

உங்களுக்கு வந்த கடிதத்தையே பாருங்கள். மணிக்கு 16 டொலர் என்கிறார்கள். ஸ்காபரோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமே 17.60 டொலர். அதற்குக் கீழே சம்பளம் போட்ட தாளுக்கு இங்கே அனுமதி கிடைக்காது.

இன்னொன்று. வேலையின்மை 6 சதவீதத்தைத் தொட்ட, அல்லது தாண்டிய பெருநகரங்களில் குறைந்த சம்பள வேலைகளுக்கான எல்எம்ஐஏ விண்ணப்பங்களை 2024 செப்டெம்பர் 26 முதல் பரிசீலிப்பதே இல்லை. விவசாயம், கட்டட வேலை, மருத்துவம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, ரெஸ்டோரன்டுக்கு இல்லை. டொரோண்டோ அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஸ்காபரோ டொரோண்டோவுக்குள் இருக்கிறது. எங்கள் முதலாளி தன் சொந்த மருமகனையே இப்போது எடுக்க முடியாமல் இருக்கிறார். விசிட் விசாவில் வந்து இங்கிருந்தபடியே வேர்க் பெர்மிட்டுக்குப் போட இடம் கொடுத்த சலுகையும் 2024 ஓகஸ்ட் 28உடன் முடிந்துவிட்டது. அதை நம்பி வந்து, கையில் வேலை செய்யும் உரிமை இல்லாமல், ரெஸ்டோரன்ட் பின்கதவால் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். பனிக்காலத்தில் ஓர் அறைக்குள் ஆறு பேர். அந்த வாழ்க்கைக்காகப் பாட்டியின் தோடு போகக் கூடாது.

கனடா வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறிய ஊர்களில் குக் வேலைக்கு உண்மையாகவே ஆள் தேடுகிறார்கள். ஜொப் பேங்க் என்று அரசாங்கத்தின் இணையத்தளம் இருக்கிறது. அதில் வெளிநாட்டு ஆட்களை எடுக்க எல்எம்ஐஏ வாங்கிய, அல்லது கேட்டிருக்கிற முதலாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். நேரே அவர்களுக்கே எழுதலாம், செலவு இல்லை. ஆனால் குக் என்று போட அனுபவத்துக்குச் சான்று கேட்பார்கள்.

குரொய்டன்வாசி
ஒக்டோபர் 15

லண்டன் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் கூட்டாளி சொல்வது பழைய கதை. 2024 ஏப்ரல் வரை ஓரளவு நடந்தது, பிறகு சம்பள வரம்பை 38,700 பவுணுக்கு ஏற்றினார்கள். 2025 ஜூலை 22இலிருந்து 41,700 பவுண். அதோடு ஸ்பொன்சர் செய்யக்கூடிய வேலைகளைப் பட்டப்படிப்புத் தரத்துக்கு உயர்த்திவிட்டதால் வெளியிலிருந்து புதிதாக வருகிற செஃப்புக்கு வழி அடைபட்டுவிட்டது. வெயிட்டர், கிச்சன் உதவியாளர் வேலைகளுக்கு அந்த விசாவில் முன்பும் இடம் இருந்ததில்லை. இனி யாராவது யூகே ரெஸ்டோரன்ட் ஸ்பொன்சர் என்று காசு கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

தோகா ரிட்டர்ன், தெமட்டகொட
ஒக்டோபர் 15

தம்பி, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன். 2016இல் நான் இருந்த இடத்தில்தான் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள்.

நான் அப்போது புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரைஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டார் ஹோட்டலில் குக் வேலை என்று ஒரு ஏஜென்சி மூன்று லட்சம் வாங்கியது. கொழும்பில் கையெழுத்து வைத்த தாளில் 1,500 ரியால். அங்கே இறங்கியதும் வேறு தாள் நீட்டினார்கள், 1,100 ரியால். விசாவைப் பார்த்தால் தொழில் என்கிற இடத்தில் துப்புரவுத் தொழிலாளி என்று அரபியில் இருக்கிறது. எனக்கு அரபி வாசிக்கத் தெரியாதே! ஒன்றே முக்கால் வருடம் பெரிய அண்டாக்களைக் கழுவினேன். வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே முதல் எட்டு மாதச் சம்பளம் போனது. அம்மா போனில் என்ன சமைத்தாய் என்று கேட்பார். பொய் சொல்வேன். அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

இரண்டாம் தரம் 2021 கடைசியில் போனேன், சதம் கட்டவில்லை. அதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

முதலில் பத்தரமுல்லை கொஸ்வத்தையில் இருக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போனேன். நாங்கள் பியூரோ என்போமே, அதுதான். வெள்ளவத்தையிலிருந்து 100 பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்கு வந்து 177 பஸ் எடுத்தால் வாசலுக்குக் கிட்ட இறங்கலாம். போக முடியாவிட்டால் 1989க்குப் போன் பண்ணுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. இந்த ஏஜென்சிக்கு இன்று செல்லுபடியாகும் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா? இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு, இந்த முதலாளியிடமிருந்து வந்த ஜொப் ஓர்டரை, அதாவது ஆள் கேட்டு அனுப்பிய தாளை, பியூரோ அங்கீகரித்திருக்கிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அனுமதிப் பத்திரத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, ஓர்டரே இல்லாத வேலைக்குக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். என்னை ஏமாற்றியவர்களும் அப்படித்தான்.

கட்டார் என்றால் 2018இலிருந்து கொழும்பிலேயே விசா மையம் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேதான். செலவு முதலாளியுடையது. இந்தத் தரம் கையெழுத்து வைக்கும் முன் ஒப்பந்தத்தில் சம்பளம், தொழில், சாப்பாடு மூன்றையும் நிதானமாகப் பார்த்தேன். பின்னால் வரிசை நின்றது, இருந்தாலும் பார்த்தேன். அங்கே 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சம் 1,000 ரியால், முதலாளி தராவிட்டால் தங்குமிடத்துக்கு 500, சாப்பாட்டுக்கு 300. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். போகும் முன் பியூரோவில் பதிவு செய்யுங்கள், காப்புறுதியும் அதோடு வருகிறது. பதிவில்லாமல் போனவனுக்கு அங்கே ஏதாவது ஆனால் இங்கே யாரிடம் போய் நிற்பது?

இனி உங்கள் தாள் விஷயம். எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. கையில் தொழில் இருக்கிற ஒருவர் கிச்சன் ஹெல்பராகப் போக ஏன் 18 லட்சம் கட்ட வேண்டும்? ராஜகிரியவில் நைட்டா என்கிற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது, அதே 177 பாதையில்தான். முன் கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் ஆர்பிஎல் என்பார்கள். வகுப்புக்குப் போகாமல், வேலை செய்து பழகியவர்களைச் சோதித்துப் பார்த்து என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுப்பார்கள். செய்து காட்ட வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் குக் பிரிவில் அப்படித்தான் எடுத்தேன். சுத்தம், குளிர்சாதனப் பெட்டியில் எதை எதற்குமேல் வைப்பது, கத்தி பிடிக்கிற முறை எல்லாம் பார்த்தார்கள். தோகாவில் நேர்முகம் எடுத்த செஃப் முதலில் கேட்டது அந்தச் சான்றிதழைத்தான். அதனால்தான் இரண்டாம் தரம் கொமியாக, அதாவது செஃப்புக்குக் கீழே சமைக்கிறவனாகப் போனேன், அண்டா கழுவ இல்லை.

முதலாளியிடம் அனுபவக் கடிதம் கேளுங்கள். கடைத் தலைப்பிட்ட தாளில், எந்தத் திகதியிலிருந்து, என்ன வேலை, என்ன சம்பளம் என்று. ஈபிஎஃப், அதுதான் ஊழியர் சேமலாப நிதி, கட்டுகிறார்களா? கட்டினால் அந்தக் கணக்கும் ஒரு சாட்சி.

நிஹொங்கோ அக்கா, கொட்டாஞ்சேனை
ஒக்டோபர் 16

தம்பி, ஜப்பானை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 2019இலிருந்து குறிப்பிட்ட திறன் விசா என்று ஒன்று கொடுக்கிறார்கள், உணவகச் சேவையும் அதில் ஒரு துறை. அனுபவம் கட்டாயமில்லை, படிப்புத் தகுதியும் கேட்பதில்லை, உங்கள் ஓ லெவல் கணக்கைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஆனால் இரண்டு பரீட்சை. ஒன்று ஜப்பானிய மொழிப் பரீட்சை, என்4 நிலை அல்லது ஜேஎஃப்டி பேசிக், இரண்டில் ஒன்று போதும். மற்றது உணவகத் திறன் பரீட்சை: சுகாதாரம், சமையல், வாடிக்கையாளர் சேவை. முதல் நிலையில் மொத்தம் ஐந்து வருடம் இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. அதே வேலை செய்கிற ஜப்பான்காரருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்பது விதி.

லேசு என்று சொல்ல மாட்டேன். நான் ஜேஎஃப்டியில் முதல் தரம் பெயில், இரண்டாம் தரம் பாஸ். கடையை மூடிவிட்டு இரவு 11 மணிக்குக் கன்ஜி என்கிற ஜப்பானிய எழுத்துகளை எழுதிப் பழகுகிற ஒரு பையன் எங்கள் வகுப்பில் இருக்கிறான், பேக்கரியில் வேலை. எட்டு மாதத்தில் பாஸ் பண்ணினான். திறன் பரீட்சையும் ஜப்பானிய மொழியில்தான், அதனால் மொழியை முதலில் பிடியுங்கள். சைவச் சமையலோடு நின்றுவிட நினைத்தால் யோசிக்க வேண்டும், அங்கே மாடும் பன்றியும் கையால் தொட வேண்டிவரும். இதை முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள்.

தோசைக்கல்29, வெள்ளவத்தை
ஒக்டோபர் 22

எல்லோருக்கும் நன்றி. தீபாவளிக்கு ஊருக்குப் போய் நேற்றிரவுதான் வந்தேன்.

16ஆம் திகதி அரை நாள் லீவு போட்டுப் பியூரோவுக்குப் போனேன். அந்த ஒபீசுக்கு அனுமதிப் பத்திரம் இருக்கிறது, ஆனால் கனடாவுக்கு எந்த ஜொப் ஓர்டரும் இல்லை என்று கவுண்டரில் இருந்த அம்மா தேடிப் பார்த்துச் சொன்னார். அண்ணா சொன்ன அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் வந்திருந்தால், பத்திரம் இருக்கிறதே என்று கட்டியிருப்பேன். அன்று பின்னேரமே ஒபீசுக்குப் போன் பண்ணி, எல்எம்ஐஏ கட்டணம் முதலாளிதானே கட்ட வேண்டும் என்று கேட்டேன். சத்தம் போட்டார்கள், பிறகு எடுக்கவில்லை. என்னை அங்கே கூட்டிப் போனவரும் இப்போது கடைக்குத் தேநீர் குடிக்க வருவதில்லை.

அம்மாவின் தோடு அம்மாவின் காதில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தார்.

முதலாளியிடம் கடிதம் கேட்கப் பயமாக இருந்தது, போகப்போகிறேன் என்று நினைத்துக் கோபப்படுவார் என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வருடமும் எழுதட்டுமா, கல்லில் நின்ற நான்கு வருடம் மட்டும் எழுதட்டுமா என்றுதான் கேட்டார். ஏழையும் எழுதச் சொன்னேன், பாத்திரம் கழுவியதும் சேர்த்து. ஈபிஎஃப் கடைசி மூன்று வருடத்துக்கு இருக்கிறது.

அடுத்த செவ்வாய் எனக்கு ஓஃப். ராஜகிரிய போகிறேன். தோகா அண்ணா, அங்கே கொண்டுபோகக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டுமா, தமிழில் இருந்தால் போதுமா? அக்கா, உங்கள் வகுப்பு இரவில் இருக்கிறதா? கடை 10.30க்குத்தான் மூடுகிறது. மாடு, பன்றி பற்றி அம்மாவிடம் பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நீ சாப்பிடாவிட்டால் சரி என்றார்.