பலாக்கொம்பில் தேனீ

சித்தி: பலாப்பிஞ்சு என்று நினைத்தேன். கிட்டப் போனால் அசைகிறது. அத்தனையும் தேனீ! பந்தல்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு காதுகுத்து.

சித்தப்பா: தீப்பந்தம் காட்டினால் போய்விடும்.

மார்த்தாண்டம் பெரியப்பா: யாரும் தீ காட்ட வேண்டாம். படம் அனுப்பு.

சித்தி: (படம்)

மார்த்தாண்டம் பெரியப்பா: தேனடை இல்லை பார். இது கூடு இல்லை, பிரிந்து வந்த கூட்டம். நாம் பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீதான். கூட்டில் புது ராணி வரப்போகிறது என்றால், பழைய ராணி ஒரு பங்கு வேலைக்காரத் தேனீக்களோடு கிளம்பிவிடும். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருக்கும். சீண்டாவிட்டால் கொட்டுவது அபூர்வம்.

சென்னை அண்ணன்: மூத்தவர்தான் வீட்டை விட்டுக்கொடுக்கிறார். அப்பா மாதிரி.

சித்தப்பா: அதை இங்கே எதற்கு இழுக்கிறாய்?

அத்தை: காதுகுத்து முடியட்டும், அப்புறம் பேசலாம்.

சித்தி: அத்தான், பாப்பா கேட்கிறாள், ராணிதான் எல்லாருக்கும் வேலை சொல்லுமா?

மார்த்தாண்டம் பெரியப்பா: இல்லை மக்களே. ராணியின் வேலை முட்டை இடுவது. வேலைக்காரத் தேனீ பிறந்ததும் முதலில் அறைகளைச் சுத்தம் செய்யும். அப்புறம் புழுக்களுக்கு ஊட்டும், மெழுகு சுரந்து அறை கட்டும், வாசலில் காவல் நிற்கும். கடைசியில்தான் பூவுக்குப் போகும். எல்லாம் பெண். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

அத்தை: நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது!

சென்னை அண்ணன்: சாப்பாடு எத்தனை இலை?

சித்தி: 120. மைனி வீட்டார் இன்னும் சொல்லவில்லை.

மார்த்தாண்டம் பெரியப்பா: பாப்பா, தள்ளி நின்று பார். கூட்டத்தின் மேலே சில தேனீ வாலை ஆட்டி எட்டுப் போட்டு நடக்கும். வீடு தேடிப் போய் வந்தவை அவை. எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று ஆடியே சொல்லும். இந்த ஆட்டத்துக்குப் பொருள் கண்டுபிடித்த கார்ல் வான் பிரிஷ்ஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

சித்தி: ஆளுக்கொரு இடம் சொன்னால் சண்டை வராதா என்கிறாள்.

மார்த்தாண்டம் பெரியப்பா: முதலில் அப்படித்தான் சொல்லும். நல்ல பொந்தைப் பார்த்தது விடாமல் ஆடும், மற்றவை போய்ப் பார்த்துவிட்டு வந்து அதே ஆட்டம் ஆடும். சுமாரான இடத்துக்கு ஆடியது ஓய்ந்துவிடும். அப்புறம் மொத்தமாகக் கிளம்பும்.
சாயங்காலம் பெட்டியோடு வருகிறேன். ராணி உள்ளே போனால் மற்றவை பின்னாலேயே வரும். பெட்டி மூடி தம்பியிடம் இருக்கிறது.

சித்தப்பா: மூடியா? அது கோழிக்கூட்டுக்குப் போய் 2 வருடம் ஆயிற்று.

சித்தி: அதற்குள் பறந்துவிட்டால்?

மார்த்தாண்டம் பெரியப்பா: போகட்டும். ரப்பர் தளிர்க்கிற நேரம், இலைக்காம்பிலேயே தேன் சுரக்கும். பட்டினி கிடக்காது.

சித்தி: பந்தல்காரரிடம் என்ன சொல்ல?

அத்தை: 120 போதாது, 150 இலை போடு.