ஹட்டன் பக்கம் சரிவான முற்றத்துக்கு வடிவமைப்பாளர் தேவை

வணக்கம். ஹட்டனுக்குக் கிட்ட எங்களுக்கு 15 பேர்ச்சஸ் காணி. வீடு கட்டி முடிந்தது, முற்றம் மட்டும் கீழ் ரோட்டை நோக்கிச் சரிந்தே கிடக்கிறது. போன மழைக்கு ஒரு மூலை கரைந்து, தண்ணீர் ஓடும் கானை அடைத்துவிட்டது.

மேசன் பாஸ் நேராக ஒரு கொங்கிரீட் சுவர் எழுப்பச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறச் சல்லிக்கல்லும் குழாயும் வைக்காவிட்டால், ஈர மண்ணின் பாரமே சுவரைத் தள்ளிவிடும். அதைவிட இரண்டு மூன்று தட்டுகளாகப் பிரித்து, குறுக்கே கான் வெட்டி, ஓரத்தில் வெட்டிவேர் நடலாமோ என்று யோசிக்கிறேன். அதன் வேர் அதிகம் பரவாமல் ஆழமாக இறங்கும். தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்குக் கான் வெட்டச் சொல்லித்தர வேண்டியதில்லைதானே!

அம்மாவுக்கு ஹைட்ரேஞ்சியாவும் கறிவேப்பிலையும் வேண்டுமாம். இந்தக் குளிருக்குக் கறிவேப்பிலை வருமா?

சரிவு நிலத்தில் வேலை செய்த லேண்ட்ஸ்கேப் வடிவமைப்பாளர் யாரையாவது தெரியுமா? வந்து பார்க்க எவ்வளவு எடுப்பார்கள்? அப்புறம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அறிக்கை எடுத்தவர்கள் இருந்தால் அந்த அனுபவத்தையும் சொல்லுங்கள். மே மாத மழைக்கு முன் வேலையைத் தொடங்க வேண்டும்.