வேகமாக உண்பதும் வயிற்று உப்புசமும்: மென்று உண்டால் உடற்தகுதியும் கூடுமா?

கேள்வி (மாலைநேர ஓட்டக்காரர்):

வணக்கம். வேலை முடிந்த பின் எடைப்பயிற்சியும் விடுமுறை நாள்களில் நீண்ட ஓட்டமும் செய்து வருகிறேன். மதிய உணவை மட்டும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சில நிமிடங்களில் முடித்துவிடும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. உண்டவுடன் ஏப்பமும் வயிற்று உப்புசமும் வருகின்றன; மாலையில் பயிற்சியைத் தொடங்கும்போதும் வயிறு கனமாகவே இருக்கிறது. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று கேட்டே வளர்ந்தவன் என்றாலும், மென்று உண்ணும்போது உடலுக்குள் என்னதான் மாறுகிறது என்பதைக் காரணத்தோடு அறிய விரும்புகிறேன். இது வயிற்றுக்கு மட்டும் நல்லதா, உடற்தகுதிக்கும் துணை செய்யுமா?

பதில் 1 (உணவியல் ஆலோசகர்):

உங்கள் ஏப்பத்துக்கான காரணம் பெரும்பாலும் எளிமையானது. அவசரமாக விழுங்கும்போது ஒவ்வொரு கவளத்தோடும் காற்றும் உள்ளே போகிறது. அதில் ஒரு பகுதி ஏப்பமாக வெளியேற, மீதி வயிற்றை உப்பச் செய்கிறது.

வயிறு கனமாக இருப்பதற்கு இரைப்பை வேலை செய்யும் முறையைப் பார்க்க வேண்டும். திட உணவு ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களாக அரைபட்ட பிறகே இரைப்பையின் கீழ்ப்புறத் திறப்பு அதைச் சிறுகுடலுக்குள் விடுகிறது. பற்கள் செய்யாமல் விட்ட வேலையை இரைப்பையின் தசைகள் செய்ய வேண்டியிருப்பதால், பெரிய துண்டுகளாக விழுங்கிய உணவு அங்கே கூடுதல் நேரம் தங்குகிறது. வாயிலேயே தொடங்கும் வேறொரு பணியும் உண்டு: உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. கணையமும் அதே வகை நொதியைச் சுரப்பதால் சரியாக மெல்லாதவருக்கு மாவுச்சத்து செரிக்காமலே போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் உமிழ்நீரில் நன்கு நனைந்த கவளம் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் இதமாக இறங்குகிறது என்பதே சிறிய நன்மையன்று.

உணவைப் பார்க்கும்போதும் முகரும்போதும் மெல்லும்போதும் மூளையிலிருந்து வேகஸ் நரம்பின் வழியாகச் செல்லும் செய்தி, உணவு வந்து சேரும் முன்பே இரைப்பை நீரைச் சுரக்க வைக்கிறது. செரிமானம் குறித்த ஆய்வுகளுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லவ், நாய்களைக் கொண்டு இதைத் தெளிவாகக் காட்டினார். திரையில் கண்ணை வைத்துக்கொண்டு உண்பவர் இந்த ஆயத்தத்துக்கு உரிய நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார் என்பதே என் கருத்து.

பதில் 2 (உடற்பயிற்சியாளர்):

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் மெதுவாக உண்டாலே கொழுப்பு கரையும் என்று பலர் சொல்லிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நன்றாக மென்றால் உடலுக்குள் சேரும் ஆற்றல் குறைவதில்லை. சில உணவுகளில் கூடவும் செய்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் பாதாம் பருப்பை 10, 25, 40 முறை மெல்லச் செய்து ஒப்பிட்டபோது, 10 முறை மட்டுமே மென்றவர்களின் மலத்தில்தான் உறிஞ்சப்படாத கொழுப்பு அதிகமாக இருந்தது.

உண்மையான பயன் பசி அடங்கும் விதத்தில் இருக்கிறது. இரைப்பை விரிவதைச் சொல்லும் நரம்புச் செய்தியும் குடலிலிருந்து சுரக்கும் நிறைவு ஹார்மோன்களும் மூளையில் தம் வேலையைக் காட்டச் சிறிது நேரம் பிடிக்கும். 2010இல் வெளியான ஆய்வொன்றில், 300 மில்லிலிட்டர் ஐஸ்கிரீமை 5 நிமிடத்தில் உண்டபோது இருந்ததைவிட 30 நிமிடத்தில் உண்டபோது பிஒய்ஒய், ஜிஎல்பி-1 என்னும் இரண்டு நிறைவு ஹார்மோன்களும் கூடுதலாக இருந்தன. பசியைத் தூண்டும் கிரெலினில் வேறுபாடு தெரியவில்லை. பங்கேற்றவர்கள் 17 ஆண்களே என்பதால் இதிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவக் கூடாது. கவனச் சிதறலைப் பொறுத்தவரை சான்று இன்னும் வலுவானது: 24 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான மதிப்பாய்வு, கவனம் சிதறி உண்பவர்கள் அந்த வேளையில் மட்டுமன்றி அடுத்த வேளையிலும் கூடுதலாக உண்பதைக் காட்டியது.

எனவே எடையைக் குறைக்க விரும்புபவருக்கு, குறைவாக உண்ண நிதானம் உதவலாம். தசையைக் கூட்டவோ நீண்ட ஓட்டத்துக்கு ஆற்றல் சேர்க்கவோ நிறைய உண்ண வேண்டியவருக்கோ அதே நிதானம் போதிய அளவு உண்ணும் முன்பே வயிறு நிறைந்துவிட்டதாக உணரச் செய்யலாம். அவர் வேகத்தைக் கூட்டாமல், உணவைக் கூடுதல் வேளைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உடற்தகுதியைக் கட்டுவது பயிற்சியும் போதிய புரதமும் உறக்கமும்தான்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. கைப்பேசியை ஒதுக்குவது என் கையில் இருக்கிறது; இடைவேளையின் நீளம் என் கையில் இல்லை. அதற்குள் இதை எப்படிச் செய்வது?

பதில் 3 (உணவியல் ஆலோசகர்):

நேரத்தை நீட்ட முடியாதபோது அளவைக் குறையுங்கள். மதியத்தில் நிதானமாக உண்ண முடிகிற அளவை மட்டும் உண்டு, மீதியைப் பயிற்சிக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பாகச் சிற்றுணவாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கொழுப்பும் நார்ச்சத்தும் குறைவாக இருந்தால் இரைப்பை விரைவில் காலியாகும். மெல்வதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். வாயில் இருப்பதை விழுங்கிய பிறகு அடுத்த கவளத்தை எடுப்பது என்ற ஒரே விதி வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும். உண்டபின் சில நிமிடங்கள் மெல்ல நடப்பதும் நல்லது. அது ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவதையும் தணிக்கும்.

இதைச் சில வாரங்கள் கடைப்பிடித்தும் உப்புசம் குறையாவிட்டால், குறிப்பிட்ட உணவு ஒவ்வாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுங்குவதில் சிரமம், காரணமின்றி எடை குறைதல், மலம் கறுத்துப் போதல் அல்லது மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உண்ணும் வேகத்தைச் சீர்செய்வதில் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.