மறு: டிடக்டிபிளுக்குத் தமிழ்ச்சொல்

> ‘கழிவுத் தொகை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. புதிதாக ஒன்று எதற்கு?

வணக்கம் ஐயா. காப்புறுதியில் டிடக்டிபிள் என்பது, நிறுவனம் கொடுக்கத் தொடங்கும் முன் பில்லில் நாமே கட்ட வேண்டிய தொகை. அதற்குத்தான் சொல் தேடுகிறோம். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் கழிவு என்றால் கடைக்காரர் விலையில் குறைத்துக் கொடுப்பது. போன மாதம் கோயில் மண்டபத்தில் மருத்துவக் காப்புறுதி அட்டை பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. கொடுத்த தாளில் ‘கழிவுத் தொகை 500 வெள்ளி’ (ரிங்கிட்) என்று அச்சடித்திருந்தார்கள். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா அந்த வரியில் விரலை வைத்து, “அப்ப நமக்கு ஐநூறு வெள்ளி குறைப்பாங்களா தம்பி?” என்று கேட்டார். அவர் கையிலிருந்து போக வேண்டிய பணம் அது! இப்படி நேர்மாறாகப் புரிய வைக்கும் சொல்லை நம்பி ஒருவரைக் கையெழுத்துப் போடச் சொல்வது நியாயமே இல்லை.

> ‘பிடித்தத் தொகை’?

அக்கா, சம்பளச் சீட்டில் சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் பிடித்தம்தான். தோட்டத்துக்காரர்கள் இதை மாதா மாதம் வெட்டும் பணம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘விலக்குத் தொகை’யும் வேண்டாம். வரிவிலக்கு ஞாபகம் வந்துவிடும்.

‘தன்பொறுப்புத் தொகை’ என்பது என் பரிந்துரை. மருத்துவமனை பில்லில் முதலில் இவ்வளவு என் பொறுப்பு, அதற்கு மேல்தான் நிறுவனம் கொடுக்கும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. ‘முன்’ என்று தொடங்கும் எதையும் நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். வார்டில் சேரும்போது கேட்கும் முன்பணத்தோடு குழம்பிவிடும்.

பில்லில் இத்தனை விழுக்காடு என்று நாம் கட்டும் பங்கான கோ-பேமன்ட்டுக்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். 2024 செப்டம்பர் 1 முதல், குறைந்தது 5 விழுக்காடு கோ-பேமன்ட் அல்லது குறைந்தது 500 வெள்ளி டிடக்டிபிள் உள்ள திட்டத்தையும் காப்புறுதி நிறுவனங்கள் விற்க வேண்டும் என்று எங்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதித்திருக்கிறது. பில் 6,000 வெள்ளி என்றால் டிடக்டிபிளில் நாம் கட்டுவது 500, கோ-பேமன்ட்டில் 300. அதே பில் 20,000 ஆனால் முன்னது 500இலேயே நிற்கும், பின்னது 1,000 ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், எது தனக்குத் தோது என்று அந்த அம்மா எப்படிக் கணக்குப் பார்ப்பார்? கோ-பேமன்ட்டை ‘பங்குவீதம்’ எனலாம். பில் ஏற ஏற அதுவும் ஏறும் என்பதை ‘வீதம்’ காட்டிவிடும்.

> பிரீமியம் குறைகிறதே, மக்களுக்கு நல்லதுதானே? ‘பொறுப்பு’ என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டுமா?

டிடக்டிபிள் வைத்தால் பிரீமியம் குறைவது உண்மை. சின்னச் சின்னக் கோரிக்கைகள் நிறுவனத்துக்குப் போகாது, தேவையில்லாமல் வார்டில் படுப்பதும் குறையும். அட்டையே இல்லாதவர்களுக்கு இது ஒரு வாசல், மறுக்கவில்லை. அமெரிக்காவிலும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழியில்தான் போனது. டிடக்டிபிள் மிகுந்த திட்டம் எடுத்தவர் வரிச்சலுகையோடு மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். 2004இல் அந்த டிடக்டிபிள் தனிநபருக்குக் குறைந்தது 1,000 டாலர், குடும்பத்துக்கு 2,000. சேமிக்க மிச்சம் உள்ளவருக்கு நல்ல ஏற்பாடு. மிச்சமே இல்லாதவர் அந்தக் கணக்கில் எதைப் போடுவார்? இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் 500 என்பது ஏறக்குறைய ஒன்பது நாள் சம்பளம். அட்டை இருந்தும் அந்தப் பணத்தைப் புரட்ட முடியாமல் தனியார் மருத்துவமனைக் கவுண்டரில் நிற்பதைவிட, வாங்கும்போதே தெரிந்துகொள்வது மேல். சொல் கொஞ்சம் பயமுறுத்தினால் பயமுறுத்தட்டும்.

பலர் கட்டும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து இடரைப் பகிரும் ரிஸ்க் பூலுக்கு யாரோ முன்வைத்த ‘இடர்க்கூட்டு’ போதும். முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டமே வாங்கினார்கள். அவர் தொகுதியாக இருந்த எங்கள் ஊரில் ‘கூட்டு’ யாருக்கும் புதிதல்ல.

அட்டவணைத் தலைப்புக்கு இடம் போதாது என்றால் ‘தன்பொறுப்பு’ மட்டும் போடலாம், தொகை பக்கத்திலேயே இருக்குமே. ‘பங்குவீதம்’ கம்பெனிப் பங்குகளை நினைவூட்டுகிறது என்று தோன்றினால் வேறு சொல் தாருங்கள், மாற்றிக்கொள்ளலாம். ‘கழிவு’ மட்டும் வேண்டாம்.