டிஎஃப்டிஎல் எடிட்டர்ல டெஸ்ட் பார்ஸ் மூண்டாவது வரியில நிக்குது

சுன்னாகம்பொடியன்:
வணக்கம் அண்ணைமார், ஐபிஎம் ஆப் கனெக்ட் டூல்கிட்ல டிஎஃப்டிஎல் ஸ்கீமா (பைலை எப்பிடிப் பிரிச்சு வாசிக்கிறது, அதுதான் பார்ஸ், எண்டு சொல்லுற விவரிப்பு) ஒண்டு செய்யிறன், வெங்காய மொத்தக் கடை ஒண்டின்ர வாடிக்கையாளர் லிஸ்ட், எக்செல்ல இருந்து எடுத்த சிஎஸ்வி, கமாவால பிரிச்ச டெக்ஸ்ட் பைல். பேர், விலாசம், போன், நிலுவை எண்டு நாலு பீல்ட். பீல்டுகளைப் பிரிக்கிற செப்பரேட்டர் கமா, ரெக்கோர்டை (ஒரு வரி) முடிக்கிற டெர்மினேட்டர் என்எல், அதாவது புது வரிக் குறி, போன் இன்டீஜர் (முழு எண்). முதல் ரெண்டு வரியும் வடிவா வருது, மூண்டாவதில போன் பீல்டில நிண்டு, சுன்னாகம்" (கடைசி மேற்கோள் குறியோட) எண்டதை நம்பராக்கேலாது எண்டுது. போனுக்குள்ள ஊர்ப்பேர் எப்பிடிப் போச்சு??? வரி இதுதான் (நம்பரை மாத்திப் போட்டிருக்கிறன்):

கந்தையா,"காங்கேசன்துறை வீதி, சுன்னாகம்",0770000000,12500

நல்லூரான்:
தம்பி, பிழை போன் பீல்டில இல்லை, ஒரு கமா முதலே நடந்திட்டுது. வீதிக்குப் பிறகு வாற கமாவையும் செப்பரேட்டர் எண்டு எடுத்து விலாசத்தை அதிலயே வெட்டிப்போட்டுது, மிச்சம் போனுக்குள்ள விழுந்திட்டுது. அந்த மேற்கோள் குறி என்னத்துக்கு எண்டு நீங்கள் சொன்னாத்தான் பார்சருக்குத் தெரியும். எஸ்கேப் ஸ்கீம் (எந்தக் கமாவைச் செப்பரேட்டரா எடுக்கக்கூடாது எண்டு சொல்லுற விதி) ஒண்டு செய்யுங்கோ, கைண்ட் எஸ்கேப் பிளாக், பிளாக் ஸ்டார்ட் (தொடக்கம்), பிளாக் எண்ட் (முடிவு) ரெண்டுக்கும் " குடுங்கோ, எஸ்கேப் எஸ்கேப் கேரக்டருக்கும் அதே ", ஏனெண்டா உள்ளுக்கு மேற்கோள் வந்தா எக்செல் அதை இரட்டிச்சுத்தான் எழுதும். சும்மா டிஃபைன் பண்ணி விட்டாக் காணாது, பீல்டுகளில ரெபரன்ஸும் குடுக்கோணும்.

கொடிகாமத்தான்:
உதோட போனை ஸ்ட்ரிங் (வெறும் எழுத்து) ஆக்குங்கோ, இல்லாட்டி முன்னால நிக்கிற சைபர் போயிடும். ஆனா ஒண்டு, முதலே ஸ்ட்ரிங்கா இருந்திருந்தா போனில ஊர்ப்பேரும் நிலுவையில போன் நம்பரும் சத்தமில்லாமப் போய் இருந்திருக்கும், பிழை வரிக்கடைசியிலதான் வந்திருக்கும், டெர்மினேட்டர் இருக்கவேண்டிய இடத்தில கமா நிக்குது எண்டு. அதால பிழை காட்டுற இடத்தை மட்டும் பாக்காதேங்கோ, ட்ரேஸை (பார்சர் செய்ததை வரிசையாக் காட்டுற பதிவு) திறந்து ஒவ்வொரு பீல்டும் என்னத்தை எடுத்தது எண்டு மேல இருந்து வாசிச்சுக் கொண்டு வாங்கோ.

சுன்னாகம்பொடியன்:
வந்திட்டுது அண்ணை, நன்றி!! ஆனா இப்ப கடைசி வரியில மட்டும் டெர்மினேட்டர் காணேல்ல எண்டு சொல்லுது, மற்றதெல்லாம் சரி

நல்லூரான்:
கடைசி வரிக்குப் பிறகு என்டர் இல்லாத பைலா இருக்கும். டாக்குமென்ட் ஃபைனல் டெர்மினேட்டர் கேன் பீ மிஸ்ஸிங் எண்டு நீட்டுப் பேரில ஒரு ப்ராப்பர்ட்டி கிடக்கு, அதை யெஸ் ஆக்குங்கோ. எலிமென்ட்டின்ர டெர்மினேட்டருக்குத்தான் அது வேலை செய்யும், நீங்கள் டெர்மினேட்டரை சீக்குவன்ஸில (பீல்டுகளை வரிசையா அடக்கிற குழு) போட்டிருந்தா ரெக்கோர்ட் எலிமென்டுக்கு மாத்திப்போட்டு, என்டர் இருக்கிற பைல் ஒண்டு இல்லாத பைல் ஒண்டு ரெண்டையும் பார்ஸ் பண்ணிப் பாருங்கோ.