28 நாளுக்கு ஒரு ஊசியா, சினைப்பையையே எடுத்துவிடுவதா? (மார்பகப் புற்று, வயது 41, ஈ.ஆர். பாசிட்டிவ்)

தென்னந்தோப்பு:
மனைவிக்கு மார்பகப் புற்று. ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் பாசிட்டிவ் (அதாவது பெண் ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 என்ற புரதம் நெகட்டிவ், அக்குளில் 2 நெறிக்கட்டிகளில் பரவல். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் முடிந்தது. கீமோ பாதியிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. இப்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையோடு சினைப்பையின் வேலையையும் நிறுத்த வேண்டும் என்கிறார் டாக்டர். ஒன்று சினைப்பையை அடக்கும் ஜோசெரலின் 3.6 மி.கி. ஊசி, இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பியில் சினைப்பைகளை எடுப்பது. "ரெண்டும் ஒண்ணுதான், நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். இனிக் குழந்தை வேண்டாம். எதைப் பார்த்து முடிவு செய்வது? மாதவிலக்குதான் நின்றுவிட்டதே, மாத்திரை மட்டும் போதாதா?

மருந்துப்பெட்டி:
போதாது. கீமோவால் விலக்கு நிற்பது வேறு, மெனோபாஸ் வேறு. 41 வயதில் சினைப்பை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும், செத்திருக்காது. லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்ததும் மூளையடிச் சுரப்பி சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனைக் கூட்டி அதைத் தட்டி எழுப்பும். குழந்தையின்மை சிகிச்சையில் கருமுட்டை வளர்க்கக் கொடுப்பதும் இதே லெட்ரோசோல்தான். ஆகவே சினைப்பையை அடக்காமல் அதைத் தனியாகக் கொடுக்கவே கூடாது.

ஊசி பக்கம் போவதென்றால் கவனிக்க வேண்டியவை:

இடைவெளி 28 நாள், "மாசம் ஒண்ணு" இல்லை. 5-ம் தேதி போட்டு அடுத்த மாதம் 5-ம் தேதி போனால் பல மாதங்களில் 2, 3 நாள் தள்ளிவிடும். வருடத்துக்கு 12 அல்ல, 13 ஊசி. 5 வருடத்துக்கு 65. செலவுக் கணக்கும் அப்படியே போடுங்கள்.

ஜோசெரலின் திரவம் அல்ல, அரிசி போன்ற சின்னக் குச்சி. தொப்புளுக்குக் கீழே வயிற்றுத் தோலடியில் தடித்த ஊசியால் வைப்பார்கள். சாதாரண ஊசி மாதிரி காற்றை வெளியேற்ற பிஸ்டனை அழுத்தினால் மருந்தே வெளியே வந்துவிடும். பழக்கமில்லாத இடத்தில் நடக்கும் தவறு இது. வயிற்றுச் சுவரில் ரத்தக்குழாய் ஓடுகிறது; ஒல்லியானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதல் ஊசிக்குப் பிறகு சில நாள் ஹார்மோன் ஏறித்தான் இறங்கும். அதனால்தான் டெக்ஸ்ட் (TEXT) என்ற மார்பகப் புற்று ஆய்வில் ஊசி ஆரம்பித்து 6 முதல் 8 வாரம் கழித்தே எக்ஸிமெஸ்டேன் (லெட்ரோசோல் வகை) மாத்திரையைச் சேர்த்தார்கள். 3 மாதத்துக்கு ஒன்றாக வரும் பெரிய டோஸ் எல்லோருக்கும் நம்பகமாக அடக்குவதில்லை. லெட்ரோசோலோடு சேர்க்கும்போது மாத டோஸே நல்லது.

வெண்கலமணி:
டாக்டர் சொன்னது பாதி சரி. சாஃப்ட் (SOFT) என்ற இன்னொரு ஆய்வில் சினைப்பையை அடக்க ஊசி, ஆபரேஷன், கதிர்வீச்சு மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் வைத்திருந்தார்கள். 8 வருட முடிவில் நோயின்றி இருந்தவர்கள்: டமாக்ஸிஃபென் (ஈஸ்ட்ரோஜன் புற்றைத் தூண்டாமல் தடுக்கும் மாத்திரை) மட்டும் 78.9%, அதோடு சினைப்பை அடக்கம் 83.2%, எக்ஸிமெஸ்டேனோடு சினைப்பை அடக்கம் 85.9%. பலன் அடக்குவதில் இருக்கிறது. அடக்கும் வழியில் பெரிய வித்தியாசம் இருப்பதாக யாரும் காட்டவில்லை.

ஆனால் பி.ஆர்.சி.ஏ. (மார்பக, சினைப்பைப் புற்று அபாயத்தைக் கூட்டும் மாற்றத்தைத் தேடும்) மரபணு டெஸ்ட் எடுத்தாயிற்றா? உங்கள் பதிவில் அதைக் காணோம். அதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கே போகக் கூடாது. பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் இருந்தால் 35–40 வயதிலும், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40–45 வயதிலும் சினைப்பையை எடுக்கச் சொல்வது வழக்கம். அங்கே ஊசி எத்தனை வருடம் போட்டாலும் சினைப்பைப் புற்று அபாயம் அப்படியே நிற்கும்.

ஆபரேஷன் என்றால் கருக்குழாய்களையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். சினைப்பைப் புற்றில் பெரும்பகுதி குழாய் நுனியில்தான் தொடங்குகிறது. "அப்படியே கருப்பையையும் எடுத்துரலாமே" என்பார்கள். கருப்பையில் தனியாகப் பிரச்சினை இல்லையென்றால் அது பெரிய ஆபரேஷன், தேவையும் இல்லை. டமாக்ஸிஃபென் எடுப்பவராக இருந்தால் ரத்தக்கட்டு அபாயத்துக்காகச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்லலாம். மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

தென்னந்தோப்பு:
ஜீன் டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். ஊசி போட்டால் அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? விலக்கு வராமல் இருந்தால் போதுமா?

ஆய்வகத்தார்:
விலக்கு வராதது ஆதாரம் ஆகாது. வந்தால் மட்டும் அது எச்சரிக்கை, அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டியது ரத்தத்தில் எஸ்ட்ராடையால் (முக்கிய ஈஸ்ட்ரோஜன்) அளவு. சிக்கல் என்னவென்றால் தெருமுனை லேபில் செய்யும் சாதாரண டெஸ்ட் அவ்வளவு கீழே இறங்கிப் படிக்காது. "10-க்குக் கீழே" என்று ரிப்போர்ட் வந்தால் அது 1 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். சாஃப்ட்டின் கிளை ஆய்வில் வைத்த எல்லையோ மில்லி லிட்டருக்கு 2.72 பிகோகிராம். மிகக் குறைந்த அளவையும் படிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்கிறீர்களா என்று கேட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள். எக்ஸிமெஸ்டேன் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மாத்திரையே சாதாரண டெஸ்ட்டை ஏமாற்றிப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். எஃப்.எஸ்.ஹெச். பார்த்தும் பயனில்லை, ஊசியே அதைக் குறைத்துவிடும்.

அந்தக் கிளை ஆய்வில் ஊசியும் எக்ஸிமெஸ்டேனும் எடுத்தவர்களில் 12-வது மாதத்திலும் 17% பேர் எல்லைக்கு மேலேயே இருந்தார்கள். கீமோ எடுக்காதவர்கள், உடல் எடை கூடியவர்களிடம் இது அதிகம். இப்படி அடங்காத சினைப்பைதான் ஆபரேஷனுக்குச் சரியான காரணம்.

மருந்துப்பெட்டி:
ஆமாம். என் கருத்து: ஜீன் நெகட்டிவ் என்றால் முதல் ஆறு மாதம் ஊசி, பிறகு ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். திடீரென உடம்பு சூடேறும் கொதிப்பு, மூட்டு வலி, தூக்கமின்மை எவ்வளவு வரும் என்று முன்பே சொல்ல முடியாது. தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசியை நிறுத்தி, மாத்திரையையும் மாற்றலாம். எடுத்த சினைப்பையைத் திரும்ப வைக்க முடியாது. 45-க்குள் நிரந்தர மெனோபாஸ் எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லதல்ல. வீட்டிலிருந்து மருத்துவமனை தூரம், 28 நாள் கணக்கைக் காப்பாற்ற முடியாது என்றால் மட்டும் என் ஓட்டு ஆபரேஷனுக்கு.

எந்த வழியானாலும் ஆரம்பத்திலேயே எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி அளவு. எலும்புக்கு சோலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதினால், அதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லையும் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

உடம்பு சூடேறும் கொதிப்புக்கு வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுக்கலாம். பின்னால் டமாக்ஸிஃபெனுக்கு மாற்றினால் பராக்ஸெடின், ஃப்ளூயாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் கூடாது, அவை டமாக்ஸிஃபென் வேலை செய்வதைத் தடுக்கும். ஊசி கருத்தடை ஆகாது, காப்பர் டி அல்லது ஆணுறை வேண்டும். பிறப்புறுப்பு வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதினால், லெட்ரோசோல் எடுப்பதைச் சொல்லி புற்றுநோய் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.